சம்பந்தி வந்த மூன்று நாட்கள்

என் அக்காவின் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் வெல்டர் என்றுதான் சொல்வார்கள். தபால்காரர்கூட உறையில் இருக்கும் பெயரைப் படித்துவிட்டு, "வெல்டர் வீடுதானே?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்வார். பதினோரு வருடம் வெளிநாட்டில், கப்பல் கட்டும் இடத்தில் வேலை பார்த்தார். திரும்பி வந்து ஏழு வருடமாகிறது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருக்கிறார். கேட், ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்டு. வேலை சுத்தமாக இருக்கும், பேச்சுதான் இருக்காது. "மாமா, மழை வர்ற மாதிரி இருக்கு" என்றால் தலையைத் தூக்கி வானத்தைப் பார்ப்பார். அதுதான் பதில்.

நான் வேன் ஓட்டுகிறேன். வாய் ஓயாத தொழில். எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக் கழித்தால் ஒரு மனுஷனுக்கு வேண்டிய பேச்சு சரியாக வரும் என்பாள் அக்கா.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாமாவுக்கு போன் வந்தது. எழுந்து பின்பக்கம் போனார். வேலைத்தளத்தில் பல நாட்டு ஆட்கள் சேர்ந்து பேசிப் பேசி உண்டாக்கிய ஒரு கலவை பாஷை அவருக்குத் தெரியும். அதில்தான் பேசினார். திரும்பி வந்து உட்கார்ந்தவர் தட்டில் கை வைக்கவில்லை.

"யாருங்க?" என்றாள் அக்கா.

"கிரேன்காரர்."

"என்னவாம்?"

"வர்றாராம். சம்சாரத்தோட."

"எங்க?"

"இங்கதான். மூணு நாள்."

கிரேன்காரரைப் பற்றி எங்களுக்குத் தெரியும். பார்த்ததில்லை, அவ்வளவுதான். அவரும் மாமாவைப் போலவே வேறொரு நாட்டிலிருந்து அங்கே பிழைக்கப் போனவர். பத்து வருடம் இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே இரும்புக் கட்டில். மேல் தட்டு மாமாவுக்கு, கீழ்த் தட்டு அவருக்கு. பகலில் அவர் பத்து மாடி உயரத்தில் கிரேனில் உட்கார்ந்து இரும்புத் தகடுகளை இறக்குவார், மாமா கீழே நின்று அவற்றை ஒட்டுவார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். வேறு ஊரில் இருக்கும் மூத்த மகனைப் பார்க்கப் போகும் வழியில் எங்கள் ஊரில் இறங்குகிறார்.

அதற்குப் பிறகு பத்து நாள் அக்கா தன் வீட்டை வேறு யாரோ ஒருத்தியின் கண்ணால் பார்க்க ஆரம்பித்தாள். குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்து மூன்று வருடமாகக் கயிற்றில் நிற்கிறது. முன்னறை நாற்காலிக்கு நாலாவது கால் ஒரு செங்கல். சமையலறைக் குழாய் முழுதாக மூடினாலும் நிமிடத்துக்கு ஆறு சொட்டு விடும். அக்கா ஒரு பைண்டிங் கடையில் நோட்டுப் புத்தகம் தைக்கிற வேலை பார்க்கிறாள். வீட்டில் எந்த மூலையைத் தொட்டாலும் கோடு போட்ட காகிதக் கட்டுகள். "இத்தனை நாள் இதெல்லாம் இங்கதான் இருந்துச்சாடா?" என்று என்னைக் கேட்டாள். ஏதோ நான் கொண்டுவந்து வைத்தது மாதிரி. நான் ஒரு கட்டிலும் மெத்தையும் இரவல் வாங்கி வந்தேன். சுண்ணாம்பு அடித்தேன். மாமா தாழ்ப்பாள் போட்டார், நாற்காலிக்குக் கால் வைத்தார், குழாயை மாற்றினார். எல்லாம் செய்தார். ஆனால் நாளுக்கு நாள் அவர் முகம் வற்றிக்கொண்டே வந்தது.

வீட்டைக் காட்டக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். "என்ன மாமா, அவரும் நம்மள மாதிரி உழைச்சுச் சாப்பிட்ட ஆளுதானே?" என்றேன்.

"வீட்டைப் பத்தி நான் ஒரு பொய்யும் சொன்னதில்ல மச்சான்" என்றார்.

நான் சிரித்துவிட்டு அடுத்த சுவருக்குப் போனேன்.

இங்கே வாலுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அக்காவுக்கும் மாமாவுக்கும் ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர், வீட்டில் வாலு. எழுந்து நிற்கத் தெரிந்த நாளிலிருந்து அவள் நடந்து நான் பார்த்ததில்லை, ஓட்டம்தான். முன்னறை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே இரண்டு காலையும் வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். தெருவில் போகிற ஒருவரையும் சும்மா விடமாட்டாள். "எங்க போறீங்க? எதுக்குப் போறீங்க? எப்ப வருவீங்க?" தண்ணீர் மட்டும் ஆகாது. குளிப்பாட்டி முடிப்பதற்குள் அக்காவுக்கு நாக்கு தள்ளிவிடும். மாமா வெளிநாடு கிளம்பியபோது அவளுக்கு ஐந்து வயது. கிளம்புவதற்கு முந்தின வாரம் ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்தோம். மாமா அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்.

ஏழு வயதில் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் அவள் இல்லை.

மாமாவுக்கு நான்தான் போன் போட்டேன். அலுவலகத்தில் எடுத்து, அவரைத் தேடிக் கூட்டிவர இருபது நிமிடம் ஆயிற்று. சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இயந்திரங்களின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு "சரி" என்றார். போனை வைத்துவிட்டார்.

"என்ன சொன்னார்?" என்று அக்கா கேட்டாள்.

நான் அப்போது சின்னப் பையன் இல்லை, ஆனாலும் சாமர்த்தியம் போதவில்லை. "சரின்னார்" என்றேன்.

அந்த ஒரு சொல் அக்காவின் தொண்டையில் மாட்டிக்கொண்டது. மாமாவால் வர முடியவில்லை. மூன்று மாதம் கழித்து முறைப்படி விடுப்பில் வந்தார். அதற்குள் அக்கா குழந்தையின் துணிமணி, படம் எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டியிருந்தாள். அவர் எங்கே என்று கேட்கவில்லை. அவள் எடுத்துக் காட்டவும் இல்லை. மாதம் ஒருமுறை அக்கா இடுகாட்டுக்குப் போய் வருவாள். மாமா ஒரு நாளும் போனதில்லை. அவர் நிரந்தரமாகத் திரும்பி வந்த பிறகும் போகவில்லை. அந்த வீட்டில் குழந்தையின் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. "அவருக்கு மறந்துபோச்சு தம்பி. ஆம்பளைங்களுக்கு அது ஒரு வரம்" என்று அக்கா ஒருமுறை சொன்னாள்.

அந்தப் பக்கம் நடந்ததை மாமா பின்னாளில்தான் என்னிடம் சொன்னார். போனை வைத்துவிட்டு அவர் நேராக மேலாளரிடம் போயிருக்கிறார். ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கிறது, பாஸ்போர்ட் கம்பெனி பெட்டியில் இருக்கிறது, இப்போது கிளம்பினாலும் ரெண்டு நாள் ஆகும், நீ போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும் என்றாராம் மேலாளர். மாமா திரும்ப வேலைக்குப் போனார். கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கி, முகமூடியைப் போட்டுக்கொண்டு, சாயங்காலம் வரைக்கும் ஒட்டினார். வெல்டிங் முகமூடிக்குள் ஒருத்தன் என்ன செய்கிறான் என்று வெளியே தெரியாது.

அன்று சாயங்காலம்தான் கிரேன்காரர் தன் ஊருக்குப் போய்விட்டு விடுப்பு முடிந்து அறைக்கு வந்தார். பையை இறக்கி வைத்ததும் கேட்ட முதல் கேள்வி, "வாலு எப்படி இருக்கா?"

மாமா, "நல்லா இருக்கா" என்றார்.

அவ்வளவுதான். திட்டம் ஒன்றும் இல்லை. வாயில் வந்துவிட்டது. மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். மறுநாள் கிரேன்காரர் அவளுக்கென்று வாங்கி வந்த ரிப்பனை எடுத்துக் கொடுத்தார். பிறகு சொல்ல முடியவில்லை. அடுத்த வருடம் அவள் மூன்றாம் வகுப்புக்குப் போனாள். அதற்கடுத்து நாலாம் வகுப்பு. சைக்கிள் கற்றுக்கொண்டாள். கணக்கில் முதலாவதாக வந்தாள். கிரேன்காரருக்கு மூன்றும் மகன்கள். பெண் குழந்தை என்றால் உயிர். அந்தப் படத்தைக் கேட்டு வாங்கித் தன் சம்சாரத்துக்கு அனுப்பிவைத்தார். கடைசிப் பையனுக்கு இவள்தான் என்று விளையாட்டாகச் சொல்வார். அப்படியென்றால் எங்கள் ஊரில் என்ன முறை என்று கேட்டு, "சம்பந்தி" என்ற வார்த்தையைக் கற்றுக்கொண்டார். அதிலிருந்து அந்த அறையில் இரண்டு பேரும் சம்பந்தி, சம்பந்தி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

"அந்த ரூம்ல அவ இருந்தா மச்சான்" என்றார் மாமா. "வேற எங்கயும் இல்ல."

அவர்கள் வந்த அன்று மதியம் நான்தான் ரயில் நிலையத்திலிருந்து கூட்டி வந்தேன். கிரேன்காரர் வாசற்படியில் குனிந்துதான் நுழைய வேண்டும், அவ்வளவு உயரம். அவர் சம்சாரம் அவர் தோளுக்குக் கீழே, உருண்டையாக, எதைப் பார்த்தாலும் சிரிக்கிற முகம். மாமாவைப் பார்த்ததும் கிரேன்காரர் அவரைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கியேவிட்டார். பிறகு அக்காவிடம் திரும்பி, இரண்டு கையையும் கூப்பி, மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தார்.

"சம்பந்தியம்மா! நல்லா இருக்கீங்களா?"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்ன மாமா, ஒரு வணக்கம் சொல்லிக் குடுக்கக் கூடாதா? எடுத்த எடுப்புல கல்யாணப் பேச்சா?" அக்காவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை.

கிரேன்காரர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். கையைத் தன் மார்பு உயரத்துக்குத் தூக்கிக் காட்டி, "பாலு? பாலு?" என்றார். அவர்களுக்கு 'வா' வராது என்று அப்போது எனக்குத் தெரியாது.

"பாலா? டீயே போட்டுடலாம், உக்காருங்க" என்றேன்.

அவர் உட்காரவில்லை. வீட்டைச் சுற்றி வந்தார். புது இடத்தைப் பார்க்கிறவர் மாதிரி இல்லை, ரொம்ப நாள் கழித்துத் தன் வீட்டுக்கு வந்தவர் மாதிரி. சமையலறை நிலைப்படியில் தலையைத் தட்டிக்காட்டி மாமாவைப் பார்த்துச் சிரித்தார். மாமா அங்கே இடித்துக்கொள்வாராம். பின்பக்கக் கிணற்று மேடையை எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். கடைசியில் முன்னறை ஜன்னலுக்கு வந்தார். கம்பிகளைத் தடவினார். தன் சம்சாரத்தைக் கூப்பிட்டு, இரண்டு விரலைக் கம்பிக்கு நடுவே விட்டு, கால் ஆட்டுகிற மாதிரி ஆட்டிக் காட்டினார். "பாலு" என்றார். அந்த அம்மாள் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அந்த ஜன்னலையே பார்த்தாள்.

அக்காவின் சிரிப்பு அங்கே நின்றது. அவள் உள்ளே போனாள். மாமா பின்னால் போனார். டீத்தூள் டப்பாவோடு நான் ஏற்கெனவே உள்ளேதான் நின்றுகொண்டிருந்தேன்.

"யாரைக் கேக்கறார்?" என்றாள் அக்கா.

மாமா தரையைப் பார்த்தார்.

"உங்களைத்தான். அவர் யாரைக் கேக்கறார்?"

"வாலுவை."

பதினைந்து வருடத்தில் அந்த வீட்டில் அந்தப் பெயரை அவர் சொல்லிக் கேட்டது அப்போதுதான்.

"அவ இல்லைன்னு அவருக்குத் தெரியாதா?"

"சொல்லல."

"இத்தனை வருஷமா?"

"அன்னிக்கே கேட்டார். நல்லா இருக்கான்னு சொல்லிட்டேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் கேப்பார். நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் அணைத்தேன்.

"அங்க தினமும் பேசியிருக்கீங்க" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "இங்க ஒரு நாள் அவ பேரை எடுத்திருப்பீங்களா? ஒரே ஒரு நாள்?"

"எடுத்தா நீ தாங்க மாட்டியோன்னு..."

"நான் தாங்கலைன்னு யார் சொன்னா? ஒத்தையா தாங்கிட்டுத்தானே இருக்கேன்."

அக்கா டம்ளர்களைத் தட்டில் அடுக்கினாள். நிலைப்படி வரை போனவள் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"இப்ப அவ என்ன பண்றா?"

"என்ன?"

"அவர்கிட்ட ஏதாவது சொல்லியிருப்பீங்கள்ல? இப்ப என்ன பண்றா?"

மாமாவுக்கு வாய் குழறியது. "படிச்சு முடிச்சுட்டா. கட்டடத்துக்குப் படம் வரையற வேலை. வெளியூர்ல இருக்கா. லீவு கிடைக்கலன்னு சொல்லிக்கலாம்னு..."

அக்கா தலையை ஆட்டிவிட்டு டீயைக் கொண்டுபோனாள்.

அன்று சாயங்காலம் அந்த அம்மாள் ஒரு பொட்டலத்தைப் பிரித்து அக்காவின் மடியில் வைத்தாள். தோல் செருப்பு ஒரு ஜோடி, மேலே பூவேலை. வாலுவுக்காம். கால் அளவு வேண்டும் என்று போனில் கேட்டிருக்கிறார்கள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் கால் எவ்வளவு இருக்கும் என்று மாமாவுக்கு எப்படித் தெரியும்? அக்காவின் செருப்பைக் காகிதத்தில் வைத்துக் கோடு போட்டு அளவு சொல்லியிருக்கிறார். அக்கா அந்தச் செருப்புகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லுங்க" என்றாள் மாமாவிடம். அவர் சொன்னார்.

மறுநாள் காலை கிரேன்காரருக்குத் தெருவைப் பார்க்க வேண்டும். நானும் கூடப் போனேன். அந்தத் தெருவில் நான் பிறந்து வளர்ந்திருக்கிறேன். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை என்று சத்தியம் செய்வேன். ஒரு மின்மாற்றி, ஒரு சலூன், மூடிக் கிடக்கும் ஒரு மரக்கடை, எப்போதும் ஈரமாக இருக்கும் ஒரு மூலை. கிரேன்காரர் ஒவ்வொன்றிலும் நின்றார். சலூன் கண்ணாடி முன்னால் நின்று பல் இளித்துக் காட்டினார். பள்ளிக்கூடம் போகும்போது அவள் அதில் பல்லைப் பார்த்துக்கொள்வாளாம். அது உண்மை, நானே பார்த்திருக்கிறேன். மளிகைக்கடை வாசலில் மூட்டைகளைக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தார். பதினோரு வயதில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டபோது அவள் இந்த மூட்டைகளில்தான் மோதி விழுந்தாளாம். அது மாமா கட்டிய கதை. பதினோரு வயதில் அவள் எங்கே இருந்தாள்?

மளிகைக்கடைக்காரம்மா எட்டிப் பார்த்து, "என்ன சொல்றார் இவர்?" என்றாள்.

"கடை நல்லா இருக்காம்" என்றார் மாமா.

எது நடந்தது, எது நடக்காதது என்று எனக்கே கொஞ்ச நேரத்தில் குழம்பிவிட்டது. மாமாவைப் பார்த்தேன். கிரேன்காரர் கை நீட்டிய இடத்தையெல்லாம் அவர் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவர் காட்டின இடத்துல எல்லாம் நின்னா மச்சான்" என்று பிறகு சொன்னார். "நான் சொன்னதுதான். ஆனா அவர் காட்டும்போதுதான் எனக்கே தெரிஞ்சா."

நாங்கள் திரும்பியபோது அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு படம். ஒரு இளைஞன், தொழிற்சாலைச் சீருடையில். அந்த அம்மாளின் கடைசி மகன். நாங்கள் இல்லாத நேரத்தில் அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்து, வாலுவின் ஸ்டூடியோ படத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் சேர்த்துத் தொட்டு, அக்காவின் தாடையைப் பிடித்துக் கெஞ்சுகிற மாதிரி கேட்டிருக்கிறாள். விளையாட்டு இல்லை. நிஜமாகவே பெண் கேட்டு வந்திருக்கிறார்கள்.

"தம்பி, வேனை எடு" என்றாள் அக்கா. மாமாவைப் பார்த்து, "நீங்க வர வேண்டாம். நான் சொல்லிக்கறேன்" என்றாள்.

"உனக்கு அவங்க பாஷை தெரியாதே?"

"தெரிய வேண்டாம்."

இடுகாடு ஊருக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி இருக்கிறது. வண்டியிலிருந்து இறங்கியதும் அந்த அம்மாளின் முகம் மாறியது. யாரோ பெரியவர்களுக்கு மரியாதை செய்யக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும், முக்காடு போட்டுக்கொண்டாள். அக்கா அவள் கையைப் பிடித்து நடந்தாள். மூன்றாவது வரிசையில் ஒரு சின்னக் கல். மேலே பெயர், அது அந்த அம்மாளுக்குப் படிக்க வராது. கீழே பிறந்த வருடம், இறந்த வருடம். எண்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

அவள் முதல் வருடத்தைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். விரலை மடக்கி எண்ணினாள். ஏழு விரல். இன்னொரு முறை எண்ணினாள். கைப்பையிலிருந்து ஸ்டூடியோ படத்தை எடுத்து அக்காவைப் பார்த்தாள். அக்கா ஆமாம் என்று தலையாட்டினாள். அந்த அம்மாள் புல்லில் அப்படியே உட்கார்ந்தாள். கல்லில் நெற்றியை வைத்துக்கொண்டு அவள் அழுத அழுகையைக் கேட்டு நான் வேனுக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் ஒரு குரல்தான் கேட்டது. பிறகு அக்காவின் குரலும் சேர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மாள் முன்னறையில் தன் வீட்டுக்காரரை உட்கார வைத்து அவர்கள் பாஷையில் சொன்னாள். மாமாவுக்கு அந்த பாஷை அரைகுறையாகத்தான் தெரியும். சுவரோரம் நின்று, கிரேன்காரரின் முகத்தைப் பார்த்து எவ்வளவு சொல்லியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டார்.

கிரேன்காரர் எழுந்து வாசற்படிக்குப் போய் ஷூவைப் போட்டுக்கொண்டார். கிளம்பிவிடப் போகிறார் என்று நினைத்தோம். போகவில்லை. ஷூ போட்ட காலோடு படியிலேயே உட்கார்ந்தார். மாமா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்கள் பேசியதை மாமா பிறகு எனக்குச் சொன்னார்.

"பத்து வருஷம் உனக்குக் கீழே படுத்திருந்தேன்" என்றாராம் கிரேன்காரர். "நீ புரண்டா எனக்குத் தெரியும். நீ இருமினா எனக்குத் தெரியும். இது எனக்குத் தெரியாமப் போச்சே."

மாமா மன்னிப்புக் கேட்டார்.

"அவளைச் சொல்லிச் சொல்லி என் கடைசிப் பையனைத் திட்டுவேன். அந்தப் பொண்ணைப் பாரு, கணக்குல முதல் மார்க், நீயும்தான் இருக்கியேன்னு. அவனுக்கு அவளைக் கண்டாலே ஆகாது." சொல்லும்போதே சிரிப்பு வந்து, சிரிப்பு அழுகையாகிவிட்டது. "உனக்குப் பதினஞ்சு வருஷம் ஆயிருக்கலாம் சம்பந்தி. எனக்கு இன்னிக்குத்தான் போயிருக்கா."

மாமாவும் அழுதார். நான் பார்த்து அவர் அழுதது அதுதான் முதல் தடவை. இழவு வீட்டில் அழுகிற மாதிரி, தோளில் சாய்ந்து, வாய்விட்டு. தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டு, ஏதோ கேட்க வந்து, கேட்காமல் போனார்கள்.

மதியம் சாப்பிட்டு முடித்து எல்லோரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். அக்கா திடீரென்று மாமாவிடம், "அவர்கிட்ட கேளுங்க. மூணாங் கிளாஸ்ல அவ என்ன பண்ணினா?" என்றாள்.

மாமா தயங்கினார். அவர் சொன்ன கதையை அவரிடமே கேட்டு, திரும்ப நம் பேச்சில் சொல்ல வேண்டும். அக்கா விடவில்லை. கிரேன்காரர் அவளைப் பார்த்தார், புரிந்துகொண்டார், சொல்ல ஆரம்பித்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். மூன்றாம் வகுப்பில் முன்பல் விழுந்தது. நாலாம் வகுப்பில் டீச்சரோடு சண்டை. ஏழாம் வகுப்பில் நீச்சல் போட்டியில் பரிசு.

"நீச்சலா?" என்றாள் அக்கா. "அவளா? ஒரு செம்புத் தண்ணியைக் கண்டா தெருக்கோடிக்கு ஓடுவாளே!" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கட்டறதுதான் கட்டினீங்க, அவளுக்குப் பொருத்தமா ஒண்ணு கட்டக் கூடாதா?"

மாமா அதையும் மொழிபெயர்த்தார். கிரேன்காரர் தொடையில் தட்டிக்கொண்டார். அக்கா எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள்.

மூன்றாம் நாள் காலை நான்கு பேரையும் நான் இடுகாட்டுக்குக் கூட்டிப் போனேன். மாமாவின் கால் வாசலிலேயே தயங்கியது. கிரேன்காரர் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கல்லுக்கு முன்னால் மாமா ரொம்ப நேரம் நின்றார். பிறகு குனிந்து, கல்லைச் சுற்றி அக்கா போட்டிருந்த முழங்கால் உயர இரும்புக் கம்பி வேலியைத் தொட்டார். மூலையில் ஒட்டு விட்டிருந்தது. துரு ஏறி, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. ஒட்டின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார்.

"யார் போட்டது இது?"

"பேர் ஞாபகம் இல்ல. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒருத்தர். அப்ப நீங்க ஊர்ல இல்லையே."

மாமா வேனில் கிடந்த இரும்பறுக்கும் ரம்பத்தை எடுத்து வரச் சொன்னார். நாலு காலையும் தரையோடு அறுத்து வேலியைத் தனியாக எடுத்தார். ஒரு பக்கத்தை அவர் பிடிக்கப் போனபோது கிரேன்காரர் தடுத்தார். "தூக்கறது என் வேலை. ஒட்டறதுதான் உன் வேலை" என்று சொல்லி, ஆறு அடி வேலியைத் தனி ஆளாகத் தோளில் போட்டுக்கொண்டு வேன் வரைக்கும் நடந்தார்.

பட்டறையில் மாமா முகமூடியைப் போட்டுக்கொண்டார். பழைய ஒட்டையெல்லாம் தேய்த்து எடுத்தார். கிரேன்காரர் கம்பிகளைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு மூலையாக ஒட்டினார். ஒவ்வொரு மூலைக்குப் பிறகும் முகமூடியைத் தூக்கி அவரைப் பார்த்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது, மறைக்கவில்லை. சாம்பல் நிறப் பூச்சு காய்ந்ததும் கொண்டுபோய்ச் சிமெண்டு போட்டு நிறுத்தினோம். அன்று மாலை ரயிலில் அவர்கள் போனார்கள். அந்த அம்மாள் ஸ்டூடியோ படத்தை அக்காவிடம் நீட்டினாள். அக்கா அதை அவள் கைப்பைக்குள்ளேயே வைத்து மூடினாள். எங்களிடம் பெட்டியில் ஒன்று இருந்தது.

இப்போதும் மாதம் ஒரு தடவை போன் வரும். சம்பந்திகள் பேசி முடித்ததும் சம்பந்தியம்மாக்கள் பத்து நிமிடம் பேசுவார்கள். ஒருத்தி பாஷை இன்னொருத்திக்கு ஒரு சொல் தெரியாது. "அப்படி என்னதான் பேசறீங்க?" என்று கேட்டேன். "அவங்க சொல்றாங்க, நான் சொல்றேன்" என்றாள் அக்கா. அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்துக் கல்யாணம் ஆகிவிட்டது. அக்கா அந்தப் பூவேலைச் செருப்பைத்தான் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிறாள்.

மாமா ஒன்றும் பெரிய பேச்சுக்காரராகிவிடவில்லை. ஆனால் சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்து கை கழுவியதும் ஏதாவது ஒன்று வாலுவைப் பற்றி வரும். ஆரம்பத்தில் ஒருமுறை, "இந்நேரம் அவளுக்கு..." என்று ஆரம்பித்தார். அக்கா தடுத்துவிட்டாள். "ஏழு வயசுக்கு மேல வேண்டாங்க. அதுக்குள்ள நடந்ததைச் சொல்லுங்க. அதுலயே நிறைய இருக்கு."

அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறார். போன வாரம் நான் போயிருந்தபோது, அவளை முதல்நாள் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அவள் இவருக்கு முன்னால் வீட்டுக்கு ஓடிப் போய்க்கொண்டிருந்த கதையைச் சொன்னார். நீலக் கவுன் போட்டிருந்தாள் என்றார்.

"பச்சை" என்றாள் அக்கா, நோட்டுக் கட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நீலம்தான் எனக்கு ஞாபகம்."

"தைச்சது நான். பச்சை."

"சரி, பச்சை" என்றார் மாமா, மேலே சொன்னார்.